தீட்டுப்படாத செம்பு

"முதலாளி, வேற சட்டி ஒண்ணு குடுங்க. அதுல மொதல்ல தண்ணிய ஊத்திட்டு, திராவகத்த நான் கொஞ்சங் கொஞ்சமாச் சேத்துக்கிறேன். திராவகத்து மேல தண்ணி ஊத்தினா பொங்கித் தெறிக்கும்," என்றான் மருதப்பன்.

"நீ தொட்ட சட்டிய அப்புறம் யாரு வீட்டுக்குள்ள எடுத்து வைக்கிறது?" என்றார் வடிவேலு.

அவர் மனைவி பூவம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிராங்கூன் சாலையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில்தான் முலாம் பட்டறை. பித்தளை விளக்குகளைக் கந்தகத் திராவகத்தில் முக்கி அழுக்கெடுப்பது மருதப்பன் வேலை. அவன் கைபட்ட விளக்கு கர்ப்பக்கிரகம் வரை போகலாம். அவன் கை மட்டும் வீட்டுச் செம்பில் படக்கூடாது. இந்த ஞானத்தை வடிவேலு நாகப்பட்டினத்திலிருந்து பத்திரமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கப்பலில் சோறாக்கியவன் என்ன சாதியென்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

மருதப்பன் பிடித்திருந்த சட்டியில் பாதிக்கு மேல் திராவகம். செம்பு அதில் பட்டுவிடாதபடி வடிவேலு கையை உயரத் தூக்கித் தண்ணீரை ஊற்றினார். சட்டி சீறிப் பொங்கியது. மருதப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். எட்ட நின்ற முதலாளிக்கு வேட்டியில் இரண்டு ஓட்டைகள்.

"அம்மா... கண்ணு எரியுது... தண்ணி..."

"தெருக் குழாய்க்கு ஓடுடா," என்றார் வடிவேலு, கண் திறக்க முடியாதவனைப் பார்த்து.

பூவம்மா குடிதண்ணீர்த் தாழியை இழுத்துவந்தாள். அவன் தலையை மடியில் சாய்த்து, இமைகளை விரலால் பிரித்து, செம்பு செம்பாக ஊற்றினாள்.

"பூவு, தொடாத. தாழி தீட்டாயிடும்."

"நகருங்க," என்றாள்.

தாழி வற்றியதும் தானே குழாய்க்கு ஓடி நிரப்பிவந்தாள். பிறகு ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஒரு கண் போய்விட்டது. உடனே தண்ணீர் விட்டதால்தான் மற்றது பிழைத்தது என்றார் டாக்டர். பூவம்மாவின் விரல்களிலும் கொப்புளம். கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் வடிவேலு காத்திருந்தார். மருதப்பனுக்குக் கண் எப்படியென்று கேட்கவில்லை.

"தலைக்குக் குளிச்சிட்டு அடுப்பங்கரைக்குப் போ. அந்தத் தாழிய ஒடைச்சிரு."

"குளிக்கவும் மாட்டேன், ஒடைக்கவும் மாட்டேன். அந்தத் தண்ணியிலதான் ஒலை வைக்கப்போறேன். இனிமே பட்டறையில வேலை செய்யிறவங்களும் அதுலதான் மொண்டு குடிப்பாங்க. ஒங்களுக்கு ஆகாதுன்னா பட்டினி கெடங்க."

கட்டுப்போட்ட கையோடு சமைத்தாள். வடிவேலு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். குழம்பு கொதித்த வாசம் வந்ததும் எழுந்து வந்து இலைமுன் உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகு, குழம்புக்கு உப்புப் போதவில்லை என்றார்.