எசென்குல் அலை

கம்பளிக் கூடாரத்தின் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு, “ஐயோ என் தம்பீ, என் மலையே!” என்று பெரியப்பா சாதிபெக் எடுத்த எடுப்பில் எதிர் மலையின் பனி ஒரு முழமாவது கீழே இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்தா பெர்மெத்தின் கைபேசி அடிக்க வேண்டும்?

சாவுக்கென்று வீட்டு முற்றத்தில் போட்ட அந்தக் கூடாரத்துக்குள் அப்பா எசென்குல் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். பெர்மெத் எழுந்து பின்பக்கமாக வெளியே வந்தாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வலேரி சார். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி.

“என்னம்மா, உங்க ஊர்ல பூமி ஆடுதா?” சாரின் குரலில் அப்படியொரு குதூகலம். “காலையிலேருந்து உன் கருவி திரையில குதிக்குது! நானும் இருபது வருஷமா பாக்கறேன், இப்படி ஒரு அதிர்வை பார்த்ததே இல்ல.”

“பூமி இல்ல சார். அப்பா தவறிட்டார். குதிரையில ஆளுங்க வந்துட்டிருக்காங்க.”

சார் குரலை இறக்கி, “யாரு... நம்ம அலைக்காரரா?” என்றார்.

பல்கலைக்கழகத்தில் எசென்குலை ஒருத்தரும் நேரில் கண்டதில்லை. ஆனால் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளத்தாக்குக்கு அடியில் நடக்கும் சின்னஞ்சிறு நில அதிர்வுகள்தான் பெர்மெத்தின் ஆராய்ச்சி. ஈ உட்கார்ந்தால்கூட எழுதி வைத்துவிடும் ஒரு கருவியை, சாலைச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்து, சொந்த வீட்டுத் தொழுவத்தின் முன்மூலையில் குழி தோண்டி வைத்திருந்தாள். அது பதிகிறதெல்லாம் அப்போதைக்கப்போதே பிஷ்கெக்குக்குப் போய்விடும். பூமி என்னமோ மாதத்துக்கு ஒருமுறைதான் முனகியது. அப்பாவோ தினமும் காலை, மாலை குதிரைக்குப் புல் வைக்கப் போனார். இளவயதில் குதிரையிலிருந்து விழுந்து ஒரு கால் கட்டையாகிப் போன மனிதர். திரையில் ஓங்கிய கோடு ஒன்று, குட்டைக் கோடு ஒன்று, ஓங்கியது, குட்டை என்று வரிசையாக வரும். கூடப் படிக்கிறவர்கள் அதற்கு ‘எசென்குல் அலை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாலையானால் வேலையை விட்டுவிட்டு, “உங்க அப்பா கிளம்பிட்டாருடீ!” என்று கூவுவார்கள்.

போன மாதம்தான் சார் சொன்னார், ஆய்வேட்டுக்குப் பதிவு சுத்தமாக வேண்டும் என்று. பெர்மெத் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தக் குழிப் பக்கம் நடக்காதீங்களேன்.”

“என் நடை அவ்வளவு பெரிசா கண்ணு? பூகம்பத்தையே மறைக்குதா?” அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நீ படி. நான் சத்தம் காட்டாம போறேன்.”

அன்றிலிருந்து பதிவு பால்போல இருந்தது. பெர்மெத் எல்லாருக்கும் தேன் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

அடக்கத்துக்குப் பாதிக் கிர்கிஸ்தான் வந்தது. மீதிப் பாதி வண்டி கிடைக்காமல் வழியில் நின்றிருக்க வேண்டும். குளிரில் உறைந்து இறுகிப்போன மண்ணை இளக்கி வெட்ட அதன் மேல் டயர் கொளுத்தினார்கள். போன வேகத்திலேயே ஆண்கள் இடுகாட்டுக் குன்றிலிருந்து திரும்பினார்கள். வீட்டில் கறி பரிமாறப்பட்டது. பெரியப்பா அழுத தொண்டைக்கு மூன்று தட்டு சாப்பிட்டார். நாலாவதைக் கொழுப்பு ஒழுகப் பையில் கட்டிக்கொண்டார்.

“இருந்தாலும் ஒண்ணு எனக்குப் பிடிபடல” என்றார் கட்டிக்கொண்டே. “வாசல்லேருந்து எட்டி வச்சா தொழுவம். இவன் எதுக்கு வாய்க்கா பக்கமா சுத்திப் போய் வழுக்கி விழுந்து உயிரை விட்டான்? அங்க ஒரே பனிக்கட்டி. ஆடுகூடப் போகாதே!”

“அதுதான் நானும் கேக்கறேன்” என்றான் அண்ணன் தொக்தோசுன். அவன் கண் சிவந்திருந்தது. “பூட்ஸுக்கு மேல மாட்டற ரப்பர் ஜோட்டையும் கழட்டி இங்கயே வச்சிருக்கார். வெறும் கம்பளி பூட்ஸோட பனிக்கட்டியில யாராவது நடப்பாங்களா? புத்தி கித்தி தடுமாறிடுச்சா? அம்மா, உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

பெர்மெத் கதவோரம் பார்த்தாள். அப்பாவின் ரப்பர் ஜோடு இரண்டும் துடைத்துவிட்டது போல உலர்ந்து கிடந்தன. அவள் வாயைத் திறந்தாள்.

“ஏ புள்ள, அந்தத் தேநீரை ஊத்து. ஆறுது” என்றாள் அம்மா பாத்மா குறுக்கே. பிறகு பெரியப்பாவிடம், “வாய்க்கால்ல தண்ணி எப்படி உறைஞ்சிருக்குன்னு பாக்கப் போயிருப்பார். அவருக்கு எதையும் பாத்தாகணும்” என்றாள்.

“அது சரி. சின்ன வயசிலேயே அவன் அப்படித்தான். கொதிக்கிற அண்டாவுக்குள்ள கைய விட்டுப் பாத்தவனாச்சே!” என்று பெரியப்பா சமாதானமாகி, கறிப் பையோடு குதிரையேறிப் போனார்.

பெர்மெத் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் நிறைந்து வழிந்ததை அம்மாதான் துடைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கியது. வந்தவர்களின் குதிரைகள் எல்லாம் போய்விட்டன. ஆடுகளை முந்தாநாளே பக்கத்து வீட்டுக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். வீட்டில் மூன்றே பேர். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெர்மெத்தின் விரல் பழக்கத்தில் கைபேசியைத் திறந்தது. கருவியின் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது.

அப்பா புல் வைக்கக் கிளம்பும் நேரம்.

கோடு துள்ளியது. மிகச் சின்னத் துள்ளல். ஓங்கியது ஒன்று, குட்டை ஒன்று. ஓங்கியது, குட்டை.

அவள் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். தொக்தோசுன் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கோடு புரியாது, தங்கையின் முகம் புரிந்தது.

“என்ன? ஏதாவது நடக்குதா? குதிரை காலை உதைச்சிருக்கும், விடு.”

“சாவுக் கறிக்குக் குதிரையத்தான் நேத்தே அறுத்துட்டமேடா” என்றாள் அம்மா.

அடுப்பில் நிலக்கரி ஒன்று சரிந்தது. அண்ணன் கதவைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. ஊரில் ஓநாயையே கையால் பிடித்தவன் என்று பேர் வாங்கியவன், கம்பளத்தின் பூவைச் சுரண்ட ஆரம்பித்தான்.

அம்மா கேட்டாள். “எந்தப் பக்கமா போறார்?”

பெர்மெத் கோட்டைப் பார்த்தாள். குழிக்கு அருகே நடந்தால் திரை கிழிகிற மாதிரி எழும்பும். இது ரொம்ப மெலிதாக, தூரத்தில், பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிற மாதிரி வந்தது.

“வாய்க்கா பக்கமா.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்த விஷயம்தானே என்பது போல.

பெர்மெத் கைபேசியைக் கம்பளத்தின் மேல் வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் வாளியை எடுத்தாள். கதவோரம் போய் அப்பாவின் ரப்பர் ஜோட்டுக்குள் காலை விட்டாள். இரண்டு கால் போகும் அளவுக்கு இடம் இருந்தது.

“எங்க போற?” என்றான் அண்ணன்.

“அவ போகட்டும்” என்றாள் அம்மா. “சாம்பலைப் படியிலேருந்தே தூவிக்கிட்டுப் போ. படியிலயும் வழுக்குது.”

வெளியே குளிர் காதைப் பிய்த்தது. பிரித்துப் போட்ட கூடாரத்தின் கழிகள் பனியில் கிடந்தன. வாய்க்கால் பக்கம் அவள் திரும்பவில்லை. படியிலிருந்து நேராகத் தொழுவத்துக்குப் போகும் குறுக்குவழியில் கைநிறையச் சாம்பலை அள்ளி அள்ளித் தூவிக்கொண்டே போனாள். வெள்ளை மேல் சாம்பல் வழி நீண்டது. குழி மூடியின் மேல் கொஞ்சம் அதிகமாகவே போட்டாள். புல் அள்ளி வெறும் தொட்டியில் வைத்தாள். பிறகு திரும்பி, ஒரு மாதமாக அப்பா மிதிக்காத அந்த மூலையை மிதித்துக்கொண்டு, தொப்புத் தொப்பென்று வீட்டுக்கு நடந்தாள்.