தடை ஒண்ணுமில்லைங்க

லட்சுமணசாமி பம்புசெட்டுப் பட்டறையில் சம்பாதித்த பெயரோடு, காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தார். வெள்ளகோவில் விசைத்தறி மில் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தர ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மில்லுக்கு இன்னும் எதுவும் போய்ச் சேரவில்லை.

"எல்லாத்தையும் முடிச்சு ஒட்டுக்கா குடுத்துபோடலாம்" என்பதுதான் அவர் கொள்கை. முடியத்தான் மாட்டேனென்றது.

1999-ல், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் துடியலூருக்குத் திரும்பியிருந்த கிருபாவை யோசனை சொல்ல வரவழைத்தார். அவள் இரண்டு விஷயம் சொன்னாள். முடிந்தது கையளவே என்றாலும் சனிக்கிழமைதோறும் மில்லுக்குக் கொண்டுபோய் அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் எல்லாரும் நின்றபடி, நேற்று செய்தது, இன்று செய்வது, இடையில் என்ன தடை என்று சொல்ல வேண்டும்.

"நிக்கறது எதுக்குங்க அம்மணி?"

"உக்காந்தா டீ வருமுங்க. டீ வந்தா போண்டா வரும். பேச்சு முடியாதுங்க."

மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். முழங்கால் வலி என்று லட்சுமணசாமி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தடை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள் கிருபா.

"ஒண்ணுமில்லைங்க" என்றான் புரோகிராமர் தமிழ்வேந்தன்.

"ஆயிருமுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற இன்னொரு புரோகிராமர் சண்முகப்ரியா.

வாரம் முழுக்க இதே பதில்தான்.

சனிக்கிழமை வெள்ளகோவிலில், லாரியில் ஏற்றும் துணிக்கட்டுகளை, அதாவது பேல்களைப் பதியும் பகுதியைக் காட்டினார்கள். மில் மேனேஜர் முஸ்தபா ஒரு பட்டனைத் தட்டினார். திரை கறுத்துப்போனது. அவர் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "கரண்டு போயிருச்சுங்களா?" என்றார். பிறகு, "பரவாயில்லைங்க, நல்லாத்தானுங்க இருக்குது" என்று வழியனுப்பினார்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் கிருபா கேட்டாள். "தமிழ், இது இப்படி நிக்கும்னு தெரியுமா?"

"புதன்கிழமையே தெரியுமுங்க."

"ஏன் சொல்லலை?"

"மொதலாளி மனசு சங்கடப்படுமுங்களே."

முன்சீட்டிலிருந்து லட்சுமணசாமி, "இப்பவும் நான் இங்கதானப்பா இருக்கேன்" என்றார்.

"இப்ப முதுகுதானுங்க தெரியுது. மூஞ்சியப் பாத்தாத்தான் சொல்ல வராதுங்க."



திங்கட்கிழமை அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். ஜன்னல் பக்கம் திரும்பி, டவுன்பஸ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். "சொல்லுங்க கண்ணு, நான் திரும்ப மாட்டேன்."

சண்முகப்ரியா தொண்டையைச் செருமினாள்.

"தடை... நீங்கதானுங்க."

சண்முகப்ரியாவே தொடர்ந்தாள்.

"தெனமும் ஆராச்சும் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து கம்ப்யூட்டர்ல ஜாதகம் போடச் சொல்றீங்க. ஒரு ஜாதகம் பிரிண்ட் ஆகி முடியறதுக்குள்ள மத்தியானம் ஆயிருதுங்க."

"அதுல நாலு கல்யாணம் கூடி வந்திருக்குது கண்ணு!"

"நம்ம வேலை கூடி வரலைங்களே."

லட்சுமணசாமியின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று எல்லாரும் பயந்தார்கள். திரும்பினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ற ஊட்டுக்காரி மட்டுந்தான் இப்படிப் பேசுவா" என்றார்.

அன்றே ஜாதகம் நின்றது. திரை ஏன் கறுத்தது என்று தேடித் தமிழ்வேந்தன் சரிசெய்தான். சனிக்கிழமை வெள்ளகோவிலில், நிஜமாகவே வாசலில் நின்ற லாரியின் பேல்களை முஸ்தபா தன் கையாலேயே பதிந்தார். பதிந்து முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. எழுத்து எறும்பாட்டமா இருக்குது. லாரி நம்பரை எதுக்கு மூணு இடத்துல கேக்குது? இதை ஆருங்க எழுதுனது?"

லட்சுமணசாமியின் முகம் வாடியது. "குறை சொல்றாரே அம்மணி" என்று கிசுகிசுத்தார்.

"ஆமாங்க!" என்று கிருபா சந்தோஷத்தில் கைதட்டிவிட்டாள். "ஓட்டிப் பாக்காதவங்க குறை சொல்ல மாட்டாங்க."

தமிழ்வேந்தன் ஏற்கனவே முஸ்தபாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேற என்னங்க சரியில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது.