பன்னெண்டு மணிக்குத் திரும்பணும்

மாவு பிசைகிற மேசையில் என் தம்பி மலையை வரைந்துகொண்டிருந்தான். நான் சலித்து வைத்திருந்த மாவில், விரலால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதோ தங்குற விடுதி. இதோ உச்சி. நடுவுல ஒரே ஏத்தம், அவ்வளவுதான்க்கா. தினம் எத்தனை கூட்டம் ஏறுது தெரியுமா? கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டுக்கூடப் போறாங்க!"

"போன வருஷம் உங்க மாமாவத் தூக்கிக்கிட்டு வந்தாங்களே, அதே மலைதானே?"

என் கணவர் திடீரென்று ரொட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். பேக்கரி நடத்துகிற இத்தனை வருஷத்தில் அவர் தானாக ரொட்டி அடுக்கி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் இவர்கள் ரெண்டு பேரும்தான் போனார்கள். 'உச்சி இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சு' என்று மத்தியானம் தாண்டியும் ஏறியிருக்கிறார்கள். மேகம் இறங்கிவிட்டது. பாதை தெரியவில்லை. இவர் பள்ளத்தில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டு விடிய விடியக் குளிரில் கிடந்தார். மறுநாள் மீட்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தபோது உதடெல்லாம் நீலம். காலில் தகடு வைத்து எலும்பு கூடிவிட்டது, இப்போது மறுபடியும் அந்த உச்சி வேண்டுமாம். பட்டும் புத்தி வராத ஜென்மங்கள்!

தம்பிக்கு எங்கள் வீட்டில் தளபதி என்று பெயர். எந்தப் போருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத தளபதி.

"போறதுன்னா நானும் வருவேன்," என்றேன். "ராத்திரி விடுதியில தங்கிட்டு மறுநாள் விடிகாலையில ஏறணும். வழிகாட்டி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஸ்வெட்டர், டார்ச். பன்னெண்டு மணிக்கு எங்க நிக்கிறோமோ அங்கேயே திரும்பணும். உச்சி பத்தடியில இருந்தாலும் திரும்பணும்."

"சரிக்கா."

இவன் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவன் இல்லையே என்று நினைத்தபடி அடுப்பிலிருந்து தட்டை எடுக்கத் திரும்பினேன். பின்னால் குசுகுசுவென்று அவன் குரல்.

"கவலைப்படாதீங்க மாமா. அக்கா பன்னெண்டுன்னா ஒண்ணுன்னு அர்த்தம்."

இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் நேரம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் எதற்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்லிவைப்பேன். தளபதி தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்து சேர்ந்தான். நான் உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தால் பெண் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு போயிருப்பாள். சரி, நம்ம ஆட்கள் என்று நான் விட்டுக்கொடுத்தேன். மேகம் விட்டுக்கொடுக்குமா? மேகம் என்ன இவனுக்குக் கூடப்பிறந்த அக்காவா?

கத்தியிருப்பேன். கத்தினால் செவிடன் காதில் ஊதிய சங்கு. தட்டை ஓங்கி வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னேன்.

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வேன் கிளம்பும்."

சனிக்கிழமை கடை வாசலில் வேன் நின்றது. தம்பி மனைவி மடியில் பையோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மாமனும் மச்சானும் கையுறை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். பத்து அடித்தது. ஆளைக் காணோம்.

"வண்டிய எடுங்க," என்றேன்.

"இன்னும் ரெண்டு பேர் வரணும்னீங்களேம்மா?" என்றார் டிரைவர். "உங்க வீட்டுக்காரரு..."

"அவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். எடுங்க."

தம்பி மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எட்டிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். "எத்தனை வருஷமா இதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன் அண்ணி!"

ஊர் எல்லைப் பாலம் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கட்டின புருஷனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறேன். ஆனால் அந்த நீல உதடு கண்ணுக்குள்ளேயே நின்றது. இன்னொரு ராத்திரி அப்படி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. தளபதி.

"அக்கா, வேன் எங்க?"

"போயிடுச்சு."

"என்னக்கா விளையாடுறீங்க! நீங்க பத்துன்னா பதினொண்ணுதானே? எப்பவும் அப்படித்தானே!"

"மலை மேலயும் அப்படித்தானே நினைச்சிருப்ப? போனை மாமாகிட்ட குடு."

இவர் வந்தார். மூச்சு வாங்கியது, ஓடி வந்திருப்பார் போல. "ஏய், அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துடறோம்."

"வாங்க. மலையில எத்தனை மணிக்குத் திரும்பணும்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டுன்னா?"

பக்கத்தில் தம்பி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். "நீ சும்மா இருடா!" என்று இவர் அதட்டுவது கேட்டது. இவர் அவனை அதட்டி நான் கேட்டதே இல்லை.

"பன்னெண்டுதான்," என்றார்.

போனை வைத்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஓரமா நிறுத்தி வெயிட் பண்ணலாமாம்மா?"

"வேணாம்," என்றேன். "நீங்க போங்க."