கனத்துக்கு ஒரு ஆள்

பாரூக் பேஸ் கிட்டார் வாசிக்கும்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றான். அவன் வாசிக்கும் வரை பந்தலில் இருந்த மற்ற எல்லாருடைய காலும் தரையில் நன்றாக ஊன்றி நின்றது. அறுபத்தெட்டாம் வருடத்திலிருந்து இப்படித்தான். மேடையில் டிரம் செட்டுக்குப் பின்னால், டியூப் லைட் எட்டாத மூலையில் அவனுக்கு இடம் கொடுத்திருந்ததால் அவன் காலை யாரும் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தவர்களும் குறைவுதான்.

மண்ணரையில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் அவன் நிட்டிங் மிஷின் ஓட்டினான். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்திருந்தார்கள், கல்யாணம் ஆகவில்லை, லைன் வீட்டில் ஒற்றை அறை. அந்தக் கிட்டாரைப் போத்தனூர் ரயில்வே காலனியில், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கினான். பார்த்தால் கிட்டார் மாதிரிதான் இருக்கும். ஆனால் கழுத்து நீளம், தந்தி நாலே நாலு, நாலும் தடிமன். சாதாரணக் கிட்டாரின் தடித்த நாலு தந்திகள் எந்தச் சுரங்களோ அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சொருகாவிட்டால் அது வெறும் பலகை. டிரம் பாட்டின் வேகத்தைச் சொல்லும், பாடுகிறவன் மெட்டைச் சொல்வான். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாட்டு எந்தச் சுரத்தின் மேல் நிற்கிறது என்று அடியிலிருந்து சொல்வது பேஸ் கிட்டார். இவ்வளவும் செய்துவிட்டு, தான் இருப்பதையே யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது அதன் தலையெழுத்து.

கிட்டுசாமி தோட்டங்காட்டை விட்டுப் பனியனுக்கு வந்தவர். மெல்லிசைக் குழு ஒன்றையும் சொந்தச் செலவில் நடத்தினார். கச்சேரி முடிந்ததும் பாடகன் தங்கவேலுவைச் சுற்றிக் கூட்டம் கூடும். பாரூக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் யாராவது ஒருவரிடம், "ஏனுங்க, நான் வாசிச்சது கேட்டுச்சுங்களா?" என்று கேட்பான். "அட, நீங்களும் வாசிச்சீங்களா?" என்பார்கள். அதையும் அவ்வளவு மரியாதையாகக் கேட்பார்கள், திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊரில் அவனுக்கு வேறு ஆசை இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, கேட்டது என்று சொல்ல வேண்டும். அது நடக்காமலே வருடங்கள் போயின.

எழுபத்தொன்றில் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். புது ஸ்பீக்கர்கள் ஏறியதில் வேனில் இடம் போதவில்லை. கிட்டுசாமி யோசித்துப் பார்த்து, "தும்மு தும்முனு வர்ற சத்தம் ஆருக்குக் கேக்குது? இந்த வாட்டி நீ ஊட்லயே இரு பாரூக்கு" என்றார். அன்று இரண்டாவது பாட்டில் முதலில் குழந்தைகள் எழும்பின. பிறகு பட்டுச்சேலைக்காரர்கள், பிறகு நாற்காலியோடு பெண்ணின் தாய்மாமன். சாம்பார் வாளியை விட்டு நாலு விரற்கடை மேலே நின்றது. தங்கவேலு மைக் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரம் போய் அங்கிருந்து பாடினான். பாட்டை நிறுத்துவது மரியாதை இல்லை என்று யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பந்தல் கீற்று தடுத்ததால் யாரும் தொலைந்து போகவில்லை. கச்சேரிக்குப் பின் இறங்கி, இலை போட்டதும் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் பேஸ் இல்லாத பாட்டுகள் எத்தனையோ உண்டு, அவற்றைக் கேட்டு யாரும் பறந்ததில்லை. பாரூக்கின் பேஸுக்குப் பழகிப் போன உடம்புகளுக்குத்தான் இந்த வினை.

கிட்டுசாமிக்குத் தெரிந்த உலகத்தில் எடை குறைந்தால் நூலில் கோளாறு. நைஸ் நூலில் ஓட்டினால் துணி எடை நிற்காது, தடித்த நூலுக்கு மாற்ற வேண்டும். ஆகவே குழுவில் எல்லாருக்கும் இருபதாம் நம்பர் நூலில் முரட்டுப் பனியன் போட்டு, சட்டைக்குள் மாட்டச் சொன்னார். சித்திரை வெயிலில் திருமுருகன்பூண்டிக் கச்சேரிக்கு அந்தப் பனியன்கள் போயின, பாரூக் போகவில்லை. குழு வியர்த்து ஊற்றிக்கொண்டே எழும்பியது. பூண்டி சிலை செதுக்குகிற ஊர் என்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. விருந்தாளிகள் மடியில் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு மிச்சப் பாட்டையும் கேட்டார்கள்.

அடுத்த கச்சேரிக்கு யாருக்கோ காய்ச்சல் வந்து வேனில் இடம் இருந்தது, பாரூக்கை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கால்கூடத் தரையை விடவில்லை. கிட்டுசாமி மறுநாளே லைன் வீட்டுக்கு வந்து, "நீ இல்லாம ஆவாதப்பா" என்றார்.

"வாசிச்சது கேட்டுச்சுங்களா மொதலாளி?"

"பொய் சொல்லப்படாது பாரூக்கு. கேக்குல. ஆனா காலு நின்னுச்சு."

அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வரும்போதே, "பாட்டுக்கு ஆருங்க, கனத்துக்கு ஆருங்க?" என்று விசாரித்தார்கள். கனத்துக்குப் பாரூக். இல்லாமல் முடியாது என்று ஊரே சொன்ன பிறகும் தன்னை யாரும் கேட்கவில்லை என்பது பழைய வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். மற்றவர்களுக்குக் கொடுத்த கனம் அவனிடமிருந்துதான் போயிற்றோ என்னவோ, ஒரு சாண் இரண்டு சாணாகி, இடுப்பளவானது. கடைசியில் கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கி, தன் காலைத் தானே ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கட்டிக்கொண்டு வாசித்தான். கட்டிவிடக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் ஒரு சோதனை வைத்தான். எந்தக் கச்சேரியானாலும் மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணம் தொடங்குகிற இடத்தில், ஒரே ஒரு சுரத்தை வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டான். காது உள்ளவர் ஒருவர் இருந்தாலும் கேட்பார் அல்லவா? அந்த நொடி பந்தல் முழுவதும் ஒரு நூல் அளவு எழும்பி உட்காரும். காற்று வந்தது என்பார்கள், பாயசம் சேரவில்லை என்பார்கள். கேட்டவர் இல்லை.

எழுபத்து நாலில் கிட்டுசாமியின் மகளுக்குக் கல்யாணம், கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் அழைப்பு. மத்தியானம் கச்சேரி முடிந்து ஆண்கள் பந்திக்குப் போனார்கள். செக்கிங்கில் வேலை செய்த சைதுன்னிசா மேடைக்குப் பின்பக்கம் வந்தாள். புருஷனை இழந்தவள். பனியன் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கே ஒரு கண்ணி விட்டிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. கிட்டாரைக் கழற்றும் வரை பாரூக் இறங்குவதில்லை, அப்போது அந்தரத்தில் குனிந்து கால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, மூணாவது பாட்டுல ரெண்டாஞ் சரணம் எடுக்கறப்ப ஒண்ணு விட்டுட்டீங்களே, கை நோவுங்களா?"

பாரூக் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பிறகு, "ஆருக்கும் தெரியாதுன்னு நெனச்சேனுங்க" என்றான்.

"அவிநாசியிலிருந்து இங்க வரைக்கும், நான் வந்த கச்சேரியில எல்லாம் அந்த எடத்துலயே விடறீங்க. கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். வெள்ளிக்கெழம திண்டுக்கல்லுக்கு மக ஊட்டோட போறனுங்க. கேக்காமப் போனா மனசு ஆறாதுன்னுதான் வந்தேன்."

அவன் பாதம் மேடைப் பலகையைத் தொட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கையில் கிட்டாரோடு தரையில் நின்றான். பலகையில் ஆணித்தலை ஒன்று உள்ளங்காலில் குத்தியது, அது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. "நோவு இல்லீங்க" என்றான். "அப்ப சரிங்க" என்று அவள் பந்திக்குப் போனாள். சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை ஊரை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை அவன் பார்க்கவில்லை.

அடுத்த கச்சேரியில் பழையபடி எழும்பினான், பழையபடி காலைக் கட்டிக்கொண்டான். ஆனால் கேட்டுச்சுங்களா என்று யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டான். அந்த ஒரு சுரத்தை மட்டும் தொடர்ந்து வாசிக்காமலே விட்டான். அது இப்போது சோதனை இல்லை, திண்டுக்கல்லில் இருப்பவளுக்கு உரியது. அவிநாசி முதல் வெள்ளகோவில் வரை கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணம் வரும்போது தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பரிமாறுகிறவர் கரண்டியை வாளிக்குள் நிறுத்திக் காத்திருப்பார். எல்லாரும் ஒரு நூல் எழும்பி, இறங்கி, பிறகு ரசம் கேட்பார்கள்.