நோயாளி வேடம்

அந்தப் பெண் மண்டாசியைக் கையில் எடுத்துவிட்டாள். சூடு ஆறாமல் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்த மாவு உருண்டை. இடுப்பிலிருந்த குழந்தைக்குப் பிட்டுக் கொடுக்கப் போனவள், எதற்கோ நிமிர்ந்து கடைக்காரி எனிஃபாவின் முகத்தைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. "சபை நாடகத்துல வர்றது நீதானே?" என்று கேட்டாள். எனிஃபா சிரித்தபடி ஆமாம் என்றாள். ஒரு மாதம் முன்புவரை அப்படிக் கேட்டவர்கள் கூடுதலாக இரண்டு வாங்கிப் போனார்கள். இவள் உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். விரல்களை இடுப்புத் துணியில் துடைத்தாள். எண்ணெய்க்காகத் துடைக்கிறவர்கள் ஒரு தரம் துடைப்பார்கள்; இவள் மூன்று தரம் துடைத்தாள். அழுகிற குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நான்கு கடை தள்ளி இன்னொருத்தியிடம் போய் அதே மண்டாசியை வாங்கினாள்.

அறுவடை முடிந்ததிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் ஊர் ஊராகப் போய் மாமரத்தடியில் போட்ட நாடகம் அது. போதகர் கலுவாதான் எழுதினார். நகரத்துக்குப் போய் எய்ட்ஸ் நோயோடு திரும்பும் புருஷன், அவனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்ட பெண்டாட்டி, அவர்களுக்குப் புத்தி சொல்லும் நர்ஸ் என்று ஆறு பேர் நடிப்பார்கள். எனிஃபாவுக்குப் பெண்டாட்டி வேடம். முகத்தில் சாம்பல் பூசி, பாயில் சுருண்டு படுத்து, "முன்னாலேயே போய் ரத்தம் குடுத்துப் பாத்திருந்தா இன்னைக்கு என் பிள்ளைங்க அனாதை ஆகாதே" என்று சொல்லிவிட்டு இருமுவாள். அந்த இருமலில் கூட்டம் பின்னால் நகரும். அதை அவள் எங்கிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. எட்டு வருடங்களுக்கு முன், மாத்திரைகள் இந்தப் பக்கம் வந்து சேராத காலத்தில், அக்கா எனிஃபாவின் வீட்டிலேயே நான்கு மாதம் இருமி இருமிச் செத்தாள். நெஞ்சுக்குள் ஈரத் துணி கிழிவது மாதிரியான சத்தம் அது. எனிஃபா வாயைத் திறந்தால் அது தானாக வந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. அப்படி இரும யாராலும் பழக முடியாது, உள்ளே இருந்தால்தான் வரும் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். மண்டாசி மிஞ்சத் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரி தன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பெண்கள் சங்கத்தில் தண்ணீர்க் குவளை அவள் கைக்கு வரும்போது எல்லோருக்கும் சரியாக அந்த நேரத்தில் தாகம் தீர்ந்துபோனது.

போதகர் நல்ல மனிதர். நாடகத்தால் வந்ததை நாடகக்காரர்களே தீர்க்க வேண்டும் என்றார். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரத்தம் சோதிக்கும் சுகாதார வண்டி சபை வளாகத்துக்கே வரப்போகிறது. ஆறு பேரும் அதற்கு முன்பே எங்காவது ரத்தம் கொடுத்துத் தாள் வாங்கி வந்துவிட வேண்டும், பிரசங்கத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து தாளைக் காட்ட வேண்டும், அதைப் பார்த்தால் ஜனங்களும் தைரியமாக வண்டிக்கு வருவார்கள் என்பது அவர் திட்டம். "நீ முதல்ல எந்திரிம்மா. ஒரு தாளுதான். அதோட எல்லார் வாயும் அடைஞ்சிரும்" என்று எனிஃபாவிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒன்பது ஊரில் மற்றவர்களைப் போகச் சொல்லிக் கெஞ்சியவள், தான் ஒரு தரமும் ரத்தம் கொடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. அக்காவின் புண்களை வெறும் கையால் கழுவியிருக்கிறாள். ஷிரே பள்ளத்தாக்கில் கரும்பு வெட்டப் போன புருஷன் லாஸ்டன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறான். வீடு வந்து சேருவதற்குள் இந்த இரண்டு நினைப்பும் அவளை விடாமல் பிடித்துக்கொண்டன. அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் பாதியில் துடுப்பை விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்ததும், இதுவும் அந்த நோயின் அடையாளமோ என்று பயந்தாள்.

புதன்கிழமை காலை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். துணைக்கு எசிநாத்தி வந்தாள். நாடகத்தில் நர்ஸ் வேடம் அவளுக்குத்தான். எனிஃபாவைவிட ஆறேழு வயது மூத்தவள், விதவை, குண்டு உடம்பு, எதற்கும் சிரிப்பு. ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனார்கள். மேட்டில் ஓட்டுகிறவனுக்கு மூச்சு வாங்கியபோது, "ஏண்டா, என்னை இறக்கி விட்டுட்டு நீ பின்னால உக்காரு, நான் மிதிக்கிறேன்" என்று எசிநாத்தி அவனைக் கேலி செய்தாள். எனிஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவியிடம் இனிப்புச் சோளக் கூழ் வாங்கி, ஒரே குவளையில் இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் கெட்டது என்று எனிஃபா வைத்துக்கொண்டாள். பிறகு அது அசைந்தபோது எது நல்லது என்று வைத்தோம் என்பது மறந்துபோயிற்று. யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் நர்ஸின் முகத்தில் பதிலைத் தேடினாள், ஒன்றும் தெரியவில்லை. ஒரு கோடுதான் இருக்கிறது, நோய் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். புதிதாகத் தொற்றியிருந்தால் இப்போது தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும், புருஷனையும் கூட்டி வர வேண்டும் என்றும் சொன்னாள். எனிஃபா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

எசிநாத்தி வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனிஃபா தாளை அவள் மடியில் போட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள். எசிநாத்தி தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லதுதான். ஞாயித்துக்கிழமை நீ இதக் காட்டுவ. உனக்கப்புறம் என்னைக் கேப்பாங்க."

"காட்டுங்கக்கா. இங்கதான இருக்கோம், நீங்களும் இப்பவே போய்க் குடுத்துட்டு வாங்க."

"நான் குடுத்து நாலு வருஷமாச்சு." சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாசாமாசம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க போறேன்னு நினைச்ச? மாத்திரை வாங்கத்தான். எனக்குத் தங்கச்சியே கிடையாது எனிஃபா" என்றாள்.

எனிஃபாவின் கண் கீழே போனது. கிழவியிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த குவளை, விளிம்பில் கூழ் காய்ந்து, எசிநாத்தியின் பக்கத்தில் கிடந்தது. ஒரே ஒரு கணம்தான் பார்த்தாள். குவளையால் ஒன்றும் வராது என்று நாடகத்தில் நர்ஸ் சொல்லும்போது, பாயில் படுத்தபடி அதைத் திருப்பிச் சொல்லும் வசனம் அவளுடையது. நிமிர்ந்தபோது எசிநாத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதிலிருந்த பயத்தை எனிஃபா அதுவரை பார்த்ததில்லை. எசிநாத்தி குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். திரும்பும் வழியில் இருவர் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

சனிக்கிழமை மதியம் லாஸ்டன் வந்துவிட்டான். வர வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊர்க்காரன் ஒருவன் கரும்புத் தோட்டத்தில் அவனிடம் கிணற்றடிப் பேச்சைச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்குள் வரவில்லை, பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றான். எனிஃபா அடியை எதிர்பார்த்துக் கதவோரமாக ஒதுங்கினாள். அவன் கை ஓங்கவில்லை. கரும்புச் சோகை கிழித்த கீறல்கள் நிறைந்த அந்தக் கைகள் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தன.

"உண்மையச் சொல்லு. இருக்கா?"

ரவிக்கைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். படித்து முடித்ததும் பையை இறக்கினான், சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப எனக்கும் இல்ல" என்றான்.

நர்ஸ் சொன்னதன் மறுபாதி அப்போதுதான் எனிஃபாவின் காதில் விழுந்தது.

"இது என் ரத்தத்துக்குக் குடுத்த தாளு. உங்களுக்கும் சேத்து இது பேசாது."

பக்கத்து வீட்டில் யாரோ சோளம் இடிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு வண்டி வருகிறதாமே, போதகர் ஆட்களை எழுப்பித் தாளைக் காட்டச் சொல்கிறாராமே என்று கேட்டான். ஆமாம் என்றாள். "நீ காட்டினா, அடுத்து உன் புருஷன் எங்கன்னு கேப்பாங்க எனிஃபா" என்றான். குரல் தேய்ந்திருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவன் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. அவன் என்ன செய்தான், யாரிடம் போனான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவோமோ என்று பயந்து எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று மாதம் கழித்து அந்த அறையில் மறுபடி உட்கார வேண்டும். அப்போது கோடு ஒன்றாகவே இருக்கும் என்று யார் சொன்னது? தாளைப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டாள். வாங்கி வந்தபோது கனமில்லாமல் இருந்த தாள் இப்போது நெஞ்சில் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார இடமில்லை. தகரக் கூரையின் வெக்கை இறங்கி, பெண்கள் சங்கத்தின் வெள்ளை ரவிக்கைகளெல்லாம் முதுகில் ஒட்டியிருந்தன. வலது பக்கம் ஆண்களின் வரிசையில், கடைசி பெஞ்சில் லாஸ்டன். எனிஃபாவுக்கு இரண்டு பேர் தள்ளி எசிநாத்தி. இன்று அவள் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தாள். போதகர் பிரசங்கத்தை முடித்துவிட்டு, அன்போடு சிரித்து, "எனிஃபா, வாம்மா" என்றார்.

முன்னால் போய் நின்றாள். ஊர் ஊராகக் கூட்டத்தின் முன் படுத்து இருமியவளின் முகத்தில் இன்று சாம்பல் இல்லை. தாளைக் காட்டினால் நாளைக்கே மண்டாசி விற்கும், பக்கத்துக் கடைக்காரி பாயைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுவாள். ரவிக்கைக்குள் கையை விடுவதுதான் பாக்கி. எசிநாத்தி குனிந்திருந்தாள், அவளுடைய வெள்ளைத் தலைத்துணி மட்டும் தெரிந்தது.

"நான் போய்ப் பாத்துட்டேன் ஐயா. என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தாளக் காட்ட மாட்டேன். தாள்ல என்ன வந்தாலும் அது அவங்கவங்களுக்கு மட்டும்தான்னு நாடகத்துல ஊரெல்லாம் நாமதான சொன்னோம்."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, கூரை வரை ஏறியது. பார்த்தாயா, நான் சொன்னேனா என்று எல்லா முகங்களும் சொல்லின. முன்வரிசையில் இருந்த ஒருத்தி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போதகரின் சிரிப்பு முகத்திலேயே என்ன செய்வதென்று தெரியாமல் தங்கிவிட்டது. அடுத்து யாரையும் அவர் கூப்பிடவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார், ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். பாட்டு தொடங்குவதற்குள் கடைசி பெஞ்சில் லாஸ்டன் எழுந்தான். அவள் சொல்லாமல் விட்டதை அவன் கத்திச் சொல்லிவிடப் போகிறான் என்று எனிஃபா பயந்தாள். எழுந்தவன் யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பஸ் ஏறப் போகிறான், இனி வரமாட்டான் என்று நினைத்தாள். தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தபோது, அவள் பக்கத்திலிருந்தவர்கள் ஏற்கெனவே நகர்ந்திருந்தார்கள். அந்தக் காலி இடத்தில் நகர்ந்து வந்து எசிநாத்தி உட்கார்ந்தாள். தோள் தோளில் இடித்தது. எசிநாத்தியின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அல்லது நடுங்கியது தன் உடம்புதானா என்று எனிஃபாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. சுகாதார வண்டியின் பின்பக்கம் இரண்டு கம்பு நட்டு நீலத் துணி கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். வண்டியை ஒட்டி ஒருவரும் போகவில்லை. கூட்டம் சபைச் சுவரின் நிழலோடு நிழலாக ஒட்டி நின்று பார்த்தது. போதகர் இரண்டடி முன்னால் போனார், நின்றார், கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

நீலத் துணி தரைவரை எட்டவில்லை. அதற்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்த ஒரு சாண் இடைவெளியில் நாற்காலியின் கால்களும், அதில் உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் பாதங்களும் தெரிந்தன. டயர்ச் செருப்பு. கணுக்கால்வரை கரும்புத் தோட்டத்துக் கருமண் இன்னும் போகாமல் படிந்திருந்தது. வலது குதிகால் மண்ணில் பாவாமல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது. எனிஃபா வெயிலிலேயே நின்றாள். காற்று வந்து துணியைக் கொஞ்சம் தூக்கியது, மறுபடி இறக்கியது. உள்ளே யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். ஆடிக்கொண்டிருந்த குதிகால், திடீரென்று நின்றது.