வாயைக் கட்டியவள்

பேக்கரியின் பின்னறையில் கேக்குகளுக்கு க்ரீம் பூ வைப்பது அவள் வேலை. சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு, விரலில் ஒட்டிய க்ரீமைக்கூட ஈரத்துணியில் துடைத்துவிடுவாள். பிறந்தநாள் வீடுகளில் தட்டை நீட்டினால் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பாள். அப்படி வாயைக் கட்டியும் சர்க்கரை இறங்குவதாயில்லை. ஆள்தான் இளைத்துக்கொண்டே போனாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். பிறகு மூன்றாக்கினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் என்ன மருந்து குடுத்தாலும் எங்கேயோ ஓட்டை இருக்கும்மா. நீங்க வேலை பார்க்கற இடம் அப்படி."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் இருந்த கணவன்தான் பேசினான். "அவ பொய் சொல்றவ இல்ல டாக்டர்."

அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது அவளுக்கு. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அடுத்த வாரம் முதலாளியம்மா அவளை முன்பக்கம் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்கு மாற்றினாள். "கொஞ்ச நாள் உட்கார்ந்து பாரும்மா, சோர்வா இருக்கே." அவளும் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். க்ரீம் பையைப் புதிதாக வந்த பெண் பிடிக்கத் தெரியாமல் பிடிப்பதைப் பார்க்கத்தான் கை பரபரத்தது.

ஒருநாள் காலையிலிருந்தே வாந்தி. மூச்சு இரைத்தது. மடித்த பெட்டிகள்மேல் அப்படியே சரிந்தாள். முதலாளியம்மாதான் ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அங்கே ட்ரிப்ஸ் ஏற்றி இன்சுலின் கொடுத்தார்கள். மறுநாள் வந்த பெண் டாக்டர், அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறீங்களா, எத்தனை வருஷமா?" என்றார். "உடம்பு எப்பவுமே ஒல்லிதானா?" என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்து இரண்டு டெஸ்ட்டுகளுக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "இது எல்லாருக்கும் வர்ற சர்க்கரை இல்லம்மா. நோயை எதிர்க்கற சக்தி இருக்கில்ல, அதுவே ஆள் தெரியாம உங்க கணையத்தைத் தாக்குது. பெரியவங்களுக்கு மெதுவா வரும், அதனால பலபேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. வெறும் மாத்திரைக்குக் கேக்காது. இனிமே இன்சுலின்தான். நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

டாக்டர் போனதும் அவள் விம்மி அழுதாள். பார்க்க வந்திருந்த முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. நீ திருட்டுத்தனமா கேக் திங்கறேன்னு நானும் நம்பிட்டேன். உன் வீட்டுக்காரரே போன் பண்ணி, 'அவளை க்ரீம் பக்கம் விடாதீங்க, ஒரு கண்ணு வச்சுக்கங்க'ன்னு சொல்லவும்..."

அழுகை நின்றுவிட்டது.

சாயங்காலம் கணவன் வந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. "கடைக்குப் போன் பண்ணீங்களா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "டாக்டரே சொல்றாரேன்னு... உன் நல்லதுக்குத்தான்."

"டாக்டருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குமா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது சாப்பாட்டுக்கு முன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். அவன் கற்றுக்கொள்கிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. பின்னறையில் பழைய இடமும் கிடைத்துவிட்டது.

தினமும் மதியம் அவன் போன் வரும். முன்னெல்லாம் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பாள்.

"சாப்பிட்டியா?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? முதலாளியம்மா இங்கதான் இருக்காங்க. குடுக்கட்டுமா?"

போனை வைத்துவிட்டு, அவள் க்ரீம் பையைக் கையில் எடுத்தாள்.