நெவெனாவுக்குப் பூ

நான்காவது மரண நோட்டீஸை ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டும்போது காற்று அதன் மூலையைக் கிளப்பியது. ராங்கெல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். இருபது வருஷம் குவாரியில் கல் உடைத்த கை. அழுத்திய இடத்தில், படத்தில் மகளின் நெற்றி பசை ஈரத்தில் சுருங்கியது. விரல் நுனியால் மெல்லத் தடவி நேராக்கினான்.

கறுப்புக் கட்டத்துக்குள் நெவெனா மஞ்சள் தொப்பி போட்டுச் சிரித்தாள். கீழே ஒன்பது வயது என்று இருந்தது. அச்சகத்தில் படம் கேட்டபோது அவனிடம் இருந்த நல்ல படம் இது ஒன்றுதான். ஜனவரியில் வேளாண் பள்ளிப் பசங்கள் பஸ் பிடித்துத் தலைநகர் சோஃபியாவில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தபோது எடுத்தது. அன்றைக்கு இவனுக்கு குவாரியில் ஷிப்ட்; பசங்கள் இவனைப் பார்த்ததில்லை.

நேற்று விடியற்காலையில் அவள் போய்விட்டாள். இன்று காலை ஏழு மணிக்குப் பெட்டி வீடு வந்து சேர்ந்தது. செத்தவரைத் தனியாக விடக்கூடாது என்று பக்கத்து வீட்டு பென்கா அக்கா முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் மனைவி செவ்தா ஸ்பெயினில் தக்காளித் தோட்டத்து வேலையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தாள். பாதி வழியிலிருந்து போன் செய்தாள்.

"இத்தாலியில நிக்குது பஸ்சு. டிரைவர் தூங்குறான். நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிராதய்யா."

"மூடல" என்றான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

கிளம்பும்போது பென்கா அக்கா வாசல்வரை வந்து சொன்னாள்: "ஆறு நோட்டீஸு. சதுக்கத்துக் கம்பத்துல ஒண்ணு ஒட்டணும், மறந்துறாத. அங்கதான் அந்த ஸ்கூல் பசங்க வைத்தியத்துக்குன்னு இவ பேரச் சொல்லிப் பூ வித்துட்டு நிக்குதுங்க. மொதல்ல அதுங்ககிட்ட சொல்லு ராங்கெலு. செத்தப்புறமும் காசு சேத்தாங்கன்னு நாளைக்கு ஊர் பேசும், அந்த வாயை மூட உன்னால ஆகாது."

இரண்டு நோட்டீஸ் பாக்கி. ஒன்று சதுக்கத்துக்கு, ஒன்று பஸ் நிலையத்துக்கு. சதுக்கத்தை விட்டுவிட்டு இரண்டு தெரு சுற்றினான். எந்தத் தெருவில் திரும்பினாலும் பூ விற்கிற பையன் ஒருவனின் குரல் வந்தது.

"நெவெனாவுக்குப் பூ. நெவெனா எந்திரிச்சு நடக்கப் பூ."

கூலிக்குக் கூவுகிற குரல் இல்லை அது. தெம்பாக, விளையாட்டாக, நாளைக்கே அவள் நடந்து வந்துவிடுவாள் என்பதுபோல இருந்தது. இந்த ஊரில் நெவெனா இன்னும் உயிரோடு இருக்கிற இடம் அந்தப் பசங்களின் பூ மேஜை ஒன்றுதான். போய்ச் சொன்னால் அங்கேயும் செத்துப்போவாள். சொல்ல வேண்டியதும் அவன்தான்.

மிச்சமிருந்த இரண்டு தாளையும் படம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, கோட்டுக்குள் செருகிக்கொண்டு போனான்.

மேஜை நிறைய டூலிப். பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் குடிலில் பசங்களே வளர்த்தது. மும்மூன்றாகச் சேர்த்து, சிவப்பும் வெள்ளையுமாக நூல் சுற்றியிருந்தார்கள். உண்டியலில் ஒட்டியிருந்த படத்திலும் அதே மஞ்சள் தொப்பி.

"வாங்க மாமா" என்றான் கூவிக்கொண்டிருந்த பையன். "நாளைக்குப் பெண்கள் தினம். வெறுங்கையோட போனா வீட்ல சூப்பு கெடைக்காது. அனுபவத்துல சொல்றேன்."

"உனக்கு என்னடா அனுபவம், மிலென்" என்றாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண். "உங்கம்மா கையால அடி வாங்குன அனுபவமா?"

"அதுவும் அனுபவந்தான் ரலித்சா." பையன் ராங்கெலின் பூட்ஸில் படிந்த வெள்ளைத் தூளைப் பார்த்தான். "குவாரியா மாமா? அப்ப ஒரு பஞ்சாயத்து தீர்த்து வைங்க. நெவெனாவோட அப்பாவும் அங்கதான் வேலை. ஒத்தக் கையால பாறையத் தூக்கி லாரியில வைப்பாராம். எங்ககிட்டயே சொன்னா. நான் புளுகுன்னேன். ஊசி போட்ட கையாலயே என்னை அடிக்க வந்துட்டா."

ராங்கெல் உண்டியலில் இருந்த படத்தைப் பார்த்தான். அவளை ஒருநாளும் அவன் குவாரிக்குக் கூட்டிப் போனதில்லை.

"இருக்கான்" என்றான். "நான் பாத்திருக்கேன்."

"தூக்குவாரா?"

"தூக்குவான்."

"செத்தேன்" என்றான் மிலென். "இனி அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அடுத்த வாரம் வைத்தியத்துக்கு ஜெர்மனி போறா மாமா. போறதுக்குள்ள கேட்டாகணும்."

சொல்லத்தான் ராங்கெல் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"ஒரு கட்டு குடும்மா."

ரலித்சா எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"மூணு இருக்கு. ஒண்ண எடுத்துரு. ரெண்டு போதும்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. உயிரோடு இருக்கிறவருக்கு ஒற்றைப்படையில் பூ, செத்தவருக்கு இரட்டைப்படையில். பூ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் இந்த ஊரில் இது தெரியும்.

மிலெனுக்கு மட்டும் உறைக்கவில்லை. "ரெண்டா? துக்க வீட்டுக்குப் போறீங்களா மாமா? அப்ப சொல்லுங்க, நாலாக் கட்டித் தர்றோம்" என்றான். இன்னொரு ஆள் சதுக்கத்துக்குள் வருவதைக் கண்டு, பதிலுக்கு நிற்காமல் அந்தப் பக்கம் ஓடினான்.

ரலித்சா ராங்கெலைப் பார்த்தாள். கோட்டு விலகிய இடத்தில், சட்டையில் குத்தியிருந்த கறுப்பு நாடா தெரிந்தது. அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தாள்சுருளின் ஓரம் விரிந்து கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. அவள் திரும்பி உண்டியல் படத்தைப் பார்த்தாள்.

அவன் கோட்டை இழுத்து மூடினான்.

நூலை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அவளே போட்ட முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு பூவை உருவிக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுத்தாள். அவன் நோட்டை எடுத்ததும் உண்டியலின் வாயைக் கையால் மூடினாள்.

"வேணாம் மாமா."

"பூ வளத்தீங்கல்ல. எடு கைய."

கையை எடுத்தாள். நோட்டைப் போட்டுவிட்டு நடந்தான். சதுக்கத்துக் கம்பத்தில் ஒட்டவில்லை. அங்கே சொல்ல வேண்டியதை இனி அந்தப் பெண் சொல்லிக்கொள்வாள்.

பஸ் நிலையத் தூணுக்கு நூறு அடிகூட இருக்காது. பூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பசை தடவினான். தாளை விரித்தான். பின்னால் மிலெனின் குரல் கேட்டது.

"நெவெனாவுக்குப் பூ."

தாளின் மேல்பக்கத்தை ஒட்டினான்.

"நெவெனா எந்திரிச்சு நடக்கப் பூ."

கீழ்ப்பக்கம் ஒட்டாமல் காற்றில் அடித்துக்கொண்டது. அதை அழுத்தாமல், தலையைச் சற்றே சாய்த்து, பையனின் அடுத்த கூவலுக்காகக் காத்து நின்றான். மலைப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. கூவல் வரவில்லை. அப்புறமும் நின்றான்.